பீஸ் கட்டையைப் பிடுங்க வேண்டாம்... பொத்தானை அழுத்தினால் போதும்!

வாசகர் கேள்வி - பதில்

'எங்கள் வீடு சேலையூரில், அகரம்தென் சாலைப் பக்கம் இருக்கிறது. வீட்டை ஒட்டிய மனையில் 6 கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். வீட்டுக்கும், பால் கறக்கும் இயந்திரம், கேன்கள் கழுவுவதற்கும் சேர்த்து 200 லிட்டர் 'ஹீட் பம்ப்' வாட்டர் ஹீட்டர் வாங்கினோம். அதை மகன் ஒரு 'ஸ்மார்ட் பிளக்'கில் மாட்டி, செல்போனில் இயக்கும்படி செய்தான். மூன்று மாதத்தில் பிளக் உருகிவிட்டது. ஹீட் பம்ப்பும் முன்புபோல ஓடவில்லை. பழுது பார்க்க வந்தவர், 'கம்ப்ரஸரையே மாற்ற வேண்டி வரும்' என்கிறார். மாமனார், 'செல்போன் வேலையே வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். இந்தக் கருவியை வீட்டு ஆட்டோமேஷனோடு இணைக்கவே கூடாதா?'

- வாசகி, சேலையூர்.

தாராளமாக இணைக்கலாம். ஆனால், இணைக்க வேண்டிய இடம் வேறு. அதற்கு முன்பாக, கையில் இருக்கும் பழுதைப் பார்த்துவிடலாம்.

கம்ப்ரஸரை மாற்றச் சம்மதிப்பதற்கு முன்பு, அதோடு இணைந்திருக்கும் 'கெபாசிட்டர்' என்ற சிறிய உருளையைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். சிங்கிள் பேஸில் ஓடும் கம்ப்ரஸர் கிளம்புவதற்கும், சீராகச் சுற்றுவதற்கும் அதுதான் துணை. கெபாசிட்டர் பலவீனமானால் கம்ப்ரஸர் முனகும், தடுமாறும், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். பார்ப்பவர்களுக்குக் கம்ப்ரஸரே போய்விட்டதுபோலத் தெரியும். கெபாசிட்டர் மாற்றச் சில நூறு ரூபாய் போதும். கம்ப்ரஸர் என்றால் பல ஆயிரம். இதோடு, பிளக் உருகிய இடத்தில் ஒயர் முனைகள் கருகியிருக்கின்றனவா, கருவி ஓடும்போது எத்தனை வோல்ட் வருகிறது, எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்பதையும் அளந்து சொல்லச் சொல்ல வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால்தான் கம்ப்ரஸரை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

பிளக் ஏன் உருகியது?

ஃபிரிட்ஜ், உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. ஹீட் பம்ப், வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து, தொட்டித் தண்ணீருக்குள் விடுகிறது. கம்பியைச் சூடாக்கி வெப்பத்தை உண்டாக்காமல், இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுவதால்தான் இதில் மின்சாரம் மிச்சமாகிறது.

200 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியில் இருந்து 55 டிகிரிக்கு ஏற்ற, 5,400 கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். எனவே, சாதாரண கீசரில் இதற்கு 6.3 யூனிட் ஆகும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தரும் ஹீட் பம்ப்பில் 2.1 யூனிட்டில் முடிந்துவிடும். வெளிக்காற்று எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ, அவ்வளவு நன்றாக இந்தக் கருவி வேலை செய்யும். தாம்பரம், சேலையூர் பகுதிகளில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், இது இந்த ஊருக்கு ஏற்ற கருவி.

கம்ப்ரஸர் ஓடும்போது, உள்ளே இருக்கும் வாயு ஒரு பக்கம் அதிக அழுத்தத்திலும், மறு பக்கம் குறைந்த அழுத்தத்திலும் இருக்கும். ஓட்டம் நின்ற பிறகு இரண்டும் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மறுபடி மின்சாரம் கொடுத்தால், சேற்றில் இறங்கிய பாரவண்டியை நின்ற இடத்தில் இருந்து இழுக்கும் மாடு போலக் கம்ப்ரஸர் திணறும். ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் எடுக்கும் கருவி, கிளம்பும் நேரத்தில் அதைப்போலப் பல மடங்கு எடுக்கும். ஸ்மார்ட் பிளக்குக்குள் இருப்பது விரல் நகம் அளவு ரிலே. ஒவ்வொரு முறையும் அதன் முனையில் பொறி பறக்கும். முனை கருகும், சூடேறும், கடைசியில் ஒட்டிக்கொள்ளும்.

பல ஹீட் பம்ப்களில் துணைக்கு 1,500 முதல் 2,000 வாட் வரையிலான ஹீட்டர் கம்பியும் இருக்கிறது. கம்ப்ரஸரும் கம்பியும் சேர்ந்து ஓடினால் 10 ஆம்பியரைத் தொட்டுவிடும், தாண்டவும் செய்யும். மணிக்கணக்கில் அந்தச் சுமையைத் தாங்கச் சிறிய பிளக்கால் முடியாது.

தோட்டத்து மோட்டாரை நிறுத்துவதற்கு யாரும் பீஸ் கட்டையைப் பிடுங்குவது இல்லை. ஸ்டார்ட்டரில் இருக்கும் சிவப்புப் பொத்தானைத்தான் அழுத்துகிறோம். பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் மோட்டார் மின்சாரத்தைச் சுமப்பது இல்லை. உத்தரவை மட்டும் கொடுக்கின்றன. சுமையைத் தாங்குவது ஸ்டார்ட்டரின் வேலை. ஹீட் பம்ப்புக்கும் இதேதான். ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி இயக்குவது, தினமும் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் செருகுவதற்குச் சமம்.

எங்கே இணைப்பது?

மெயின் மின்சாரம், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., முறையான எர்த் ஆகியவற்றோடு எந்நேரமும் கருவிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எப்போது கிளம்புவது, எவ்வளவு நேரம் ஓய்வு எடுப்பது என்பதை ஹீட் பம்ப்புக்குள் இருக்கும் கன்ட்ரோல் போர்டே பார்த்துக்கொள்ளும். வீட்டு ஆட்டோமேஷன், அந்த போர்டிடம் உத்தரவு சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

1. நிறுவனத்தின் வை-ஃபை: கருவியிலேயே வை-ஃபை வசதி இருந்தால், அதன் செயலியைப் போனில் ஏற்றினால் போதும். இதுதான் சுலபம். ஆனால், இவற்றில் பல, உத்தரவை இன்டர்நெட் வழியாக எங்கேயோ இருக்கும் கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரும். நெட் போனால் செல்போன் கட்டுப்பாடும் போய்விடும். அப்போதும் கருவியில் இருக்கும் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. உத்தரவு முனை: பல கருவிகளின் கன்ட்ரோல் போர்டில் 'ரிமோட்' அல்லது 'ஆன்-ஆஃப்' என்று இரண்டு முனைகள் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் 'ஓடு', பிரித்தால் 'நில்' என்று பொருள். சில கருவிகளில் இது நேர்மாறாக இருக்கும் என்பதால், கையேட்டைப் பார்க்க வேண்டும். கதவு மணிப் பொத்தான் போன்ற இணைப்புதான். வை-ஃபையில் இயங்கும் சிறிய ரிலே ஒன்றை இங்கே இணைத்துவிடலாம். அந்த ரிலே 'டிரை கான்டாக்ட்' வகையாக இருக்க வேண்டும். அதாவது, அது தன் முனையில் மின்சாரத்தை வெளியே விடக் கூடாது. 230 வோல்ட்டை இந்த முனையில் கொடுத்துவிட்டால் கன்ட்ரோல் போர்டு அந்த நொடியே எரிந்துவிடும். ஜெர்மனியில் 2012-ம் ஆண்டு வந்த 'எஸ்.ஜி. ரெடி' என்ற முறையும் இப்படி இரண்டு உத்தரவு முனைகளைக் கொண்டதுதான். அந்த முத்திரை உள்ள கருவி என்றால் வேலை சுலபம்.

3. மோட்பஸ்: தொழிற்சாலை இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1979-ல் உருவான முறை இது. இரண்டு மெல்லிய ஒயர்கள் போதும். தண்ணீரின் சூடு, வெளிக்காற்றின் சூடு, பழுது எண் எல்லாவற்றையும் படிக்கலாம். எத்தனை டிகிரி வேண்டும் என்றும் எழுதலாம். இதற்கு, எந்த எண்ணில் எந்தத் தகவல் இருக்கிறது என்ற 'ரிஜிஸ்டர்' பட்டியலை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். டிகிரி மாற்றத்தை நாளுக்குச் சில முறை எழுதினால் போதும். நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிக்கொண்டே இருந்தால், சில போர்டுகளின் நினைவகம் தேய்ந்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது வழிகளுக்கு, உத்தரவுகளை நிர்வகிக்க ஒரு மையம் தேவை. 2013-ல் தொடங்கப்பட்ட 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பழைய கணினியிலேயே ஓடும். வீட்டுக்குள்ளேயே இயங்குவதால், நெட் இல்லாவிட்டாலும் விதிகள் நிற்காது.

எந்த வழியாக இருந்தாலும், கருவியின் மூடியைத் திறக்கும் வேலை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனுடையது. உத்தரவாதக் காலத்தில் இருந்தால், நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொண்ட பிறகு திறப்பது நல்லது.

முதல் 15 நாள்கள் பார்ப்பது மட்டும்

இணைத்தவுடன் உத்தரவு போடத் தொடங்கக் கூடாது. முதல் 15 நாள்கள், தொட்டியின் சூடு, ஓடிய நேரம், செலவான யூனிட் மூன்றையும் கவனித்துக் குறித்து வைக்க வேண்டும். 800 வாட் எடுக்கும் கருவி, 200 லிட்டரை 28-ல் இருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் இரண்டரை மணி நேரம் எடுக்கும். அதே வேலைக்கு ஆறு மாதம் கழித்து மூன்றரை மணி நேரம் ஆகிறது என்றால், காற்று போகும் தகடுகளில் தூசி அடைத்திருக்கலாம். உப்புத் தண்ணீரால் உள்ளே படிவு ஏறியிருக்கலாம். வாயு கசிந்திருக்கலாம். முழுதாகக் கெட்டுப்போகும் முன்பே தெரிந்துவிடும்.

வீட்டு ஆட்டோமேஷனால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். மின்சாரச் சிக்கனத்தில் பெரும்பகுதியை ஹீட் பம்ப்பே செய்துவிடுகிறது. தினமும் ஒரு முறை 200 லிட்டர் சூடாக்கினால், இரண்டு மாதத்துக்கு கீசரில் 378 யூனிட். ஹீட் பம்ப்பில் 126 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக் கட்டணத்தின் அடுக்கே மாறிவிடும் என்பதால், இந்த 252 யூனிட் குறைவதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. செல்போன் இணைப்பு அதற்கு மேல் மிச்சப்படுத்துவது கொஞ்சம்தான். பழுதை முன்கூட்டியே காட்டுவதும், மாடு கறக்கும் நேரத்தில் வெந்நீர் இல்லை என்ற நிலை வராமல் காப்பதும்தான் அதன் முக்கிய வேலை.

எழுதி வைக்க வேண்டிய விதிகள்

* வெயில் ஏறிய பிறகு, பகல் 11 மணிக்கு மேல் சூடாக்குவது நல்லது. காற்று சூடாக இருப்பதால் செலவு குறையும். கூரையில் சோலார் தகடுகள் இருந்தால் அந்த மின்சாரமும் பயன்படும். பிற்பகல் கறவை முடிந்து கழுவிய பிறகு, பொழுது சாய்வதற்குள் இன்னொரு சுற்று.

* நின்ற கம்ப்ரஸர் 5 நிமிடங்களுக்குள் மறுபடி கிளம்பக் கூடாது. கிளம்பினால் 10 நிமிடங்களாவது ஓட வேண்டும். 55 டிகிரியில் நின்றால், 50-க்கு இறங்கிய பிறகே மறுபடி ஓட வேண்டும்.

* அதிகாலை 3 மணிக்குத் தண்ணீர் 45 டிகிரிக்குக் கீழே இருந்தால், செல்போனில் மணி அடிக்க வேண்டும்.

* வாரம் ஒரு முறை 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். 25 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில், நுரையீரலைப் பாதிக்கும் 'லெஜியோனெல்லா' என்ற பாக்டீரியா பெருகும். வயதானவர்களுக்கு இது ஆபத்து. மிச்சம் பிடிக்கிறேன் என்று 40 டிகிரியிலேயே தொட்டியை வைத்திருக்கக் கூடாது. அதே நேரம், 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால், குளியலறைக் குழாய்க்கு முன்பாகத் தண்ணீர் கலக்கும் வால்வு பொருத்த வேண்டும்.

* எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் இயக்கும் சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும். செல்போன் தெரியாத மாமனாரும் அதைத் தட்டி வெந்நீர் போட முடிய வேண்டும்.

பால் கறக்கும் இயந்திரத்தைக் கழுவும்போது, முதல் அலசலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் சரி. எடுத்தவுடனே கொதிநீர் ஊற்றினால், பாலின் புரதம் குழாயில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகான சோப்புக் கழுவலுக்கு 60 டிகிரிக்கு மேல் தேவைப்படும். அந்த ஒரு வேளைக்கு மட்டும் துணை ஹீட்டரை இயக்கினால் போதும்.

மாட்டுக்கொட்டகையும் மழையும்

கருவியைச் சாணக்குழி, மூத்திர வாய்க்கால் பக்கத்தில் வைக்கக் கூடாது. அங்கிருந்து கிளம்பும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து செப்புக் குழாய்களை அரித்துவிடும். காற்றோட்டம் இல்லாத அறைக்குள்ளும் வைக்கக் கூடாது. தான் வெளியே விடும் குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்தால் செலவு கூடும்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள், கருவியைத் தரையில் வைக்க மாட்டார்கள். மொட்டைமாடியோ, உயரமான மேடையோதான் சரி. 2016 டிசம்பர் 12-ம் தேதி வந்த வர்தா புயலுக்குப் பிறகு, பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இப்படி நின்ற மின்சாரம் வரும்போது, ஏறி இறங்கித்தான் நிலைக்கு வரும். மின்சாரம் திரும்பி 5 நிமிடங்கள் கழித்தே ஹீட் பம்ப்புக்கு உத்தரவு போக வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடி மின்னல் காலத்துக்கு, மெயின் போர்டில் 'சர்ஜ் புரொடெக்டர்' வைப்பது நல்லது.

சேலையூர் வாசகியின் மகன் யோசித்ததில் தவறு இல்லை. பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே செல்போனை உத்தரவு முனையில் இணைத்தால் போதும்.

---

'கிணற்று மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் போடலாம் என்று இருக்கிறேன். ஹீட் பம்ப்புக்குச் சொல்லும் விதி இதற்கும் பொருந்துமா? மானியம் கிடைக்குமா?'

- வாசகர், உத்திரமேரூர்.

பொருந்தும். சிம் கார்டு போட்டு மோட்டாரை இயக்கும் கருவிகள் இந்தியாவில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய 'நானோ கணேஷ்' இவற்றில் முன்னோடி. இந்தக் கருவிகள் ஸ்டார்ட்டரின் பொத்தான் இணைப்பில்தான் உத்தரவு கொடுக்கின்றன. ஓவர்லோடு ரிலே, மூன்று பேஸும் வருகிறதா என்று பார்க்கும் பிரிவென்டர், தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் அமைப்பு ஆகிய மூன்றையும் கழற்றாமல், அவற்றுக்கு மேலே செல்போன் கருவியைச் சேர்க்க வேண்டும். 'ஆட்டோ இருக்கிறதே' என்று பாதுகாப்பைக் கழற்றிய மோட்டார்கள்தான் சீக்கிரம் காயில் கட்டப் போகின்றன.

மின்சாரம் வந்தவுடன் ஊரில் உள்ள எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பினால், டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி, ஒருவர் 2 நிமிடம், அடுத்தவர் 4 நிமிடம் என்று தாமதம் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

செல்போனில் இயங்கும் பம்ப்செட் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கி வந்திருக்கிறது. நடப்பு ஆண்டின் ஒதுக்கீட்டை அந்தத் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே கருவியை வாங்க வேண்டும்.

---

'முருங்கை இலையை உலர்த்த ஹீட் பம்ப் டிரையர் வாங்க நினைக்கிறோம். இதை ஆட்டோமேஷனில் இணைத்தால் பயன் உண்டா? தோட்டத்து இலவச மின்சாரத்தில் ஓட்டலாமா?'

- வாசகர், அரவக்குறிச்சி.

பயன் உண்டு. இந்த டிரையர், காற்றைச் சூடாக்குவதோடு, இலையில் இருந்து வெளியேறும் ஈரத்தைக் குளிரவைத்துத் தண்ணீராகவும் வடித்துவிடும். 100 கிலோ பச்சை இலையில் 75 கிலோ ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 7 சதவிகித ஈரத்துக்கு உலர்த்தும்போது கிடைப்பது சுமார் 27 கிலோ. மீதி 73 கிலோவும் தண்ணீராகப் போக வேண்டும். வடிகுழாயின் அடியில் ஒரு டிரம் வைத்து அளந்தாலே, எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அறையின் ஈரப்பதத்தைப் படிக்கும் சென்சாரை இணைத்து, 'இந்த அளவுக்கு வந்ததும் நிறுத்து' என்ற உத்தரவைக் கொடுத்தால், இரவில் காவல் இருக்க வேண்டியது இல்லை. நிறமும் கெடாது. இங்கேயும் உத்தரவு, கன்ட்ரோல் போர்டுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், கூடாது. இலவச மின்சாரம் பாசனப் பம்ப்செட்டுக்காகக் கொடுக்கப்பட்டது. அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது, 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்கீழ் அபராதத்துக்கு உரியது. டிரையர், வாட்டர் ஹீட்டர் எதுவானாலும், மின்வாரியத்தில் உரிய வகை இணைப்பைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

---

வாங்கும் முன்பு கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கன்ட்ரோல் போர்டில் உத்தரவு முனை அல்லது மோட்பஸ் இருக்கிறதா? கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்ட முடியுமா?

2. இன்டர்நெட் இல்லாதபோது செயலி வேலை செய்யுமா?

3. மின்சாரம் போய் வந்தால், தானாகத் தாமதித்துக் கிளம்புமா? போட்டு வைத்த நேரங்கள் அழிந்துவிடுமா?

4. வெளியில் இருந்து உத்தரவு இணைப்பு கொடுத்தால் உத்தரவாதம் நீடிக்குமா?

5. கெபாசிட்டர், சென்சார், கன்ட்ரோல் போர்டு ஆகியவை பக்கத்து ஊரில் கிடைக்குமா? பழுது பார்க்க எத்தனை நாளில் வருவார்கள்?

ஐந்துக்கும் தெளிவான பதில் சொல்லும் கடையில் வாங்கலாம். 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் கடையாக இருந்தால், அடுத்த கடையிலும் விசாரித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.